முதல் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை

இலவசமாகக் கொடுப்பவனுக்கு வரும் திமிர் காசு வாங்குபவனுக்கு வராது. எனக்கு வந்தது.

எண்பதுகளின் நடுவில், கணினியில் தமிழ் எழுத்துகளை அச்சடிக்க ஒரு நிரல் எழுதினேன். வட்டு கொண்டுவந்த எல்லோருக்கும் நிரலின் மூல வரிகளோடு சும்மாவே கொடுத்தேன். (புண்ணியத்துக்கு அல்ல, புகழுக்கு.) பிறகு இரண்டாம் பதிப்பு எழுதினேன். அதற்குப் புதிய இயந்திரம் வேண்டும்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்தில் அச்சகம் வைத்திருந்த ஆரோக்கியத்திடம் பழைய இயந்திரம்தான் இருந்தது.

"அண்ணே, அடிக்கிறப்ப சில சமயம் கடைசி வரி மாறிடுது. முன்னாடி அடிச்ச வேலையோட வரி வந்து உக்காந்துக்குது. கொஞ்சம் பாருங்க லா."

பார்த்தேன். நூறு பிரதிகளைத் தாண்டினால் அப்படி ஆகும் என்று கண்டுபிடிக்கவும் செய்தேன். ஆனால் சொல்லவில்லை. நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே! முதல் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை என்று மூன்று பத்திகளில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றைக் கொடுத்தேன்.

"புது மெஷின் வாங்க எனக்கு வசதியில்லண்ணே."

"அது என் பிரச்சினை இல்லை, ஆரோக்கியம்."

ஆறு மாதத்தில் எனக்குக் கல்யாணம். பெண் வசந்தா. தகப்பனில்லாத அவளை வளர்த்தவர் மலேசியாவில், ஈப்போவில் இருந்த தாய்மாமன். பெண் வீட்டார் ஆரோக்கியத்திடமே அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தார்கள். மாதிரிப் பிரதி என்னிடம் வந்தது. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். எத்தனை பிரதிகள் என்று கேட்கவில்லை. (அது நடைமுறையில் இல்லை.)

இருநூறு.

கல்யாணத்தன்று கோயிலில் பெண் வீட்டார் பக்கம் பாதி காலி. மாமனையும் காணோம். லீவு கிடைக்காமல் அன்று காலைதான் ஈப்போவிலிருந்து வந்திறங்குவதாக இருந்தார். ஐயர் முகூர்த்தம் தவறுகிறது என்றார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்த வசந்தாவின் கழுத்தில் தாலி கட்டினேன்.

மாமியார், விருந்தாளியாக வந்திருந்த ஆரோக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா அடிச்சு வச்சிருக்க? எங்க ஆளுங்க கார்டுல கடைசி வரியில ஏதோ மாதா கோயில் மண்டபம்னு போட்டிருக்காமே!"

ஆரோக்கியம் கடைக்குப் போய் என் கடிதத்தை எடுத்துவந்தார். மாமியார் உரக்கப் படித்தார்: "பத்தி மூன்று. பழைய பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் விளைவுகளுக்குத் தாமே பொறுப்பு." நிமிர்ந்தார். "கீழ கையெழுத்து மாப்பிள்ளையோடதா?"

பந்தி முடிந்தபின் மாமன் வந்தார். "அங்க நல்லாத்தான் சாப்பாடு போட்டாங்க மாப்பிள்ளை. பொண்ணுதான் நம்ம பொண்ணு இல்ல."

மறுநாள் பிழையைத் திருத்தினேன். இரண்டு வரி, பத்து நிமிடம். ஆரோக்கியம் அந்த இயந்திரத்தைத் தூக்கிப் போடும்வரை முதல் பதிப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். பழைய பதிப்புகளைக் கைவிட வேண்டும் என்ற கட்சிதான் இன்றும். ஆனால் கைவிடுபவன், எங்கே உடைந்திருக்கிறது என்பதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மாமன் சாகும்வரை, எங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் போன் செய்வார். "மாப்பிள்ளை, எனக்கு வந்தது எத்தனையாவது கார்டு?" இன்றும் உறவினர் கூடினால் யாராவது அவர் குரலில் அதைக் கேட்பார்கள். எல்லோரும் சிரிப்போம். வசந்தா மட்டும் எழுந்து காப்பி போடப் போய்விடுவாள்.