ஓடும் மாவு மில்

"ஏனுங் தம்பி, இது காருங்களா, மாவு மில்லுங்களா?"

பின்சீட்டிலிருந்து மாசாணியம்மாள் கத்தியது ரவிக்குமாருக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. தொண்டாமுத்தூர் ரோட்டில் கார் அறுபதைத் தொட்டிருந்தது. டயர் இரைச்சல் தரை வழியாக ஏறி, கதவுகளை உலுக்கிவிட்டு, கூரையில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்கம்மா?"

"காதடைக்குதுங்! சித்தெ இந்தச் சத்தத்தக் கொறைங்கன்னு சொன்னேன்!"

ரவிக்குமார் கூனிக் குறுகிப் போனான். அவன் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருப்பவன். சத்தம் போடுகிற பம்பு எதையும் அவன் வெளியே விட்டதில்லை. ஆனால் அவன் ஓட்டும் கார் அவனுக்கு முன் இரண்டு பேரிடம் பாடுபட்டு வந்த பழைய டீசல் வண்டி. அதை அவன் டெஸ்ட் செய்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பான்.

இந்த நேரம் பார்த்து அந்தக் காரில்தான் அவனுடைய கல்யாணம் முடிவாக வேண்டியிருந்தது. பெண் யுவஸ்ரீ கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவளுடைய அப்பா முடிவை அவளிடமே விட்டிருந்தார். "நாலு ஞாயித்துக்கெழம போய்ப் பேசிப் பாரு கண்ணு. புடிச்சாச் சொல்லு, புடிக்கலீன்னாலும் சொல்லு" என்றார். ஆனால் கல்யாணமாகாத பெண்ணைத் தனியாகக் காரில் அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. தன் தங்கை மாசாணியம்மாளைத் துணைக்கு அனுப்பினார். அந்தம்மாள் பின்சீட்டின் நடுவில், மடியில் முறுக்குப் பையோடு, முன்சீட்டுகள் இரண்டின் மேலும் ஒவ்வொரு கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சத்தம் சத்தமாகவே இருந்தாலும், அந்த முதல் ஞாயிறு அவனுக்கு நன்றாகத்தான் போனது. யுவஸ்ரீ அவன் காதருகே சாய்ந்து சாய்ந்து பேசினாள். ஊருக்கெல்லாம் ஊசி போடச் சொல்லும் பெரிய டாக்டர், தன் கையில் ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுந்ததைச் சொன்னாள். அவரைத் தாங்கிப் பிடித்தபடியே எடுத்த ரத்தம் சிந்தாமல் குழாயை மூடியதையும் சொன்னாள். இப்படியும் ஒருத்தி உண்டா என்று வியந்ததில் ரவிக்குமார் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கினான்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுங்களா?" என்று காதில் கத்தினாள்.

"உப்புமா தெரியுமுங்க!"

"அதெல்லாம் சமையல்ல சேராதுங்க!"

இறக்கிவிடும்போது கேட்டான். "வண்டிச் சத்தம் ரொம்பத் தொந்தரவா இருந்துச்சுங்களா?"

"இல்லீங்களே. வண்டி இப்படியே நல்லாத்தானுங்க இருக்குது."

அந்தப் பக்கத்து ஆட்கள் உப்பில்லாத குழம்பையும் நல்லாத்தானுங்க இருக்குது என்று சொல்லித்தான் சாப்பிட்டு எழுவார்கள். ரவிக்குமாரும் அப்படிச் சொல்லியே வளர்ந்தவன். பாவம், மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். மனசில் உள்ளதைச் சொன்னது மாசாணியம்மாள்தான் என்று நம்பினான்.

கம்பெனியில் கழித்துப் போட்ட கேஸ்கட் ரப்பர் துண்டுகளைக் கேட்டு வாங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் வீட்டு வாசற்படி மிதியடிகளோடு சேர்த்துத் திணித்தான். இரண்டாம் ஞாயிறு நல்ல வெயில். கார் சூடேறியதும் ரப்பர் நாற்றம் கிளம்பியது. பேரூர் தாண்டுவதற்குள் மாசாணியம்மாள் வண்டியை நிறுத்தச் சொல்லி வேலியோரம் வாந்தியெடுத்தாள். யுவஸ்ரீ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதிப் பேச்சுத்தான் பேசினாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த மாசாணியம்மாள் மட்டும் மனந்தளரவில்லை. "நாத்தம் கெடக்குதுங். சத்தம் ஒரு சுத்துக் கொறஞ்சிருக்குது தம்பி. உட்றாதீங்க."

ரவிக்குமார் சிங்காநல்லூரில் கார் உள்வேலை செய்யும் ஜெரோமிடம் போனான். ஜெரோம் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மிதியடிகளை இரண்டு விரலால் எடுத்து வெளியே வைத்தான்.

"ஏங்ணா, இதென்ன காரா, மாட்டுக் கொட்டாயா?"

"வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள சத்தம் போகோணும் ஜெரோம். எம்பட வாழ்க்கையே இதுலதான் இருக்குது."

ஜெரோம் சீட்டுகளைக் கழற்றினான். தரைத் தகட்டைத் துடைத்துத் துடைத்து மண்ணெடுத்தான். ஒரு பக்கம் பசையும் மறுபக்கம் வெள்ளித் தாளும் உள்ள கனமான ஷீட்டை அளவு பார்த்து வெட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினான். தகட்டைச் சுண்டினால் முதலில் தகரடப்பா மாதிரி ஒலித்தது. ஒட்டியபின் மரப்பலகை மாதிரி டொக்கென்று அடங்கியது. ரவிக்குமார் திரும்பத் திரும்பச் சுண்டிப் பார்த்தான். வேலையென்றால் இதுவல்லவா வேலை என்றிருந்தது.

மூன்றாம் ஞாயிறு தரை வாய் திறக்கவில்லை. ஆனால் இத்தனை நாள் டயர் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கதவுகள் கடகடவென்று கிளம்பிவிட்டன. பின்னால் முறுக்குக் கடிபடுவது தெளிவாகக் கேட்டது. அதைவிட மோசம், யுவஸ்ரீ அவன் பக்கம் சாயவே இல்லை. பள்ளிக்கூடத்தில் உட்காருவது போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த டாக்டர் எப்படியிருக்காருங்க?"

"நல்லாயிருக்காருங்க."

"மறுக்கா மயங்குனாருங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. ரொம்பத் தங்கமானவருங்க."

அவள் கண் அடிக்கடி, பின்சீட்டைக் காட்டும் நடுக் கண்ணாடிக்குப் போய் வந்தது. ரவிக்குமாரும் பார்த்தான். கண்ணாடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அடடா, இதுவுமா அவளை எரிச்சல்படுத்துகிறது என்று நொந்துபோனான்.

"இன்னும் எங்கிங்க சத்தம் வருது? சொல்லுங்க, எல்லாத்தையும் எடுத்துப்போடறேன்."

"வேண்டாமுங்க!" என்றாள் யுவஸ்ரீ அவசரமாக. "மொதல்ல இருந்த மாதிரியே இருக்கட்டுமுங்க."

இனிமேல் செலவு செய்ய வேண்டாம், நான் வரப்போவதில்லை என்கிறாளோ?

"அவ கெடக்கறா, கதவப் பாருங்க தம்பி" என்றாள் மாசாணியம்மாள்.

ஜெரோம் அந்த வாரம் கதவுகளின் உள்ளட்டையைக் கழற்றி அதே ஷீட்டை ஒட்டினான். கூரைத் துணியை இறக்கி ஒட்டினான். கதவையும் ஜன்னலையும் சுற்றிப் புது ரப்பர் பீடிங் போட்டான். நடுக் கண்ணாடியை ஆடாமல் இறுக்கினான். முடித்துவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினான். மூடவில்லை. மூன்றாம் முறை ஓங்கி அறைந்ததும் மூடியது.

"உக்காந்து பாருங்ணா. கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் பந்தியக் காலி பண்ணிட்டுப் போனப்புறம் மண்டபம் இருக்குமல்லோ, அப்படியிருக்கும்."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ரவிக்குமார் ஜெரோமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அந்தக் கைகளுக்கு மாலை போடலாம் என்று தோன்றியது.

நான்காம் ஞாயிறு. கடைசி ஞாயிறு. கார் தென்னந்தோப்புகளுக்கு நடுவே எண்ணெயில் வழுக்குவது போல் போனது. உள்ளே யாரோ எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. விழுங்கியது தான்தான் என்று சற்றுக் கழித்துத்தான் ரவிக்குமாருக்குத் தெரிந்தது.

"ஏனுங்க, இப்ப எப்படிங்க இருக்குது?"

"ம்."

"சத்தமே இல்லீங்களே?"

"ம்."

மாசாணியம்மாள் முறுக்குப் பையைத் திறக்கக்கூட இல்லை. "அருமைங் தம்பி! குண்டூசி உழுந்தாக் கேக்குது. தங்கமான கையி" என்று பூரித்துப்போய் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ரவிக்குமார் தன் டெஸ்டிங் கணக்கில் யோசித்தான். பம்பு இரைச்சல் போடவில்லை, ஆனால் தண்ணீரும் வரவில்லை. அவள் இன்று வீட்டுக்குப் போய் முடியாது என்றுதான் சொல்லப்போகிறாள். இந்தக் கார் என்ன செய்தும் தேறாத வண்டி. தானும் அப்படித்தான் போல.

"வேக்காடா இருக்குதுங்க" என்றாள் யுவஸ்ரீ திடீரென்று. "கண்ணாடிய எறக்குறீங்களா?"

புது பீடிங் கண்ணாடியைக் கவ்விப் பிடித்திருந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் சுற்றுவதற்காக ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பினான். அவளும் தன் பக்கத்துக் கண்ணாடியை மூச்சுப்பிடித்து முழுக்க இறக்கினாள். கார் அறுபதைத் தொட்டது. காற்றும் டயர் இரைச்சலும் எதிரே வந்த தக்காளி லாரியின் ஹாரனும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. ஜெரோமின் அத்தனை பாடும் ஒரு நிமிடத்தில் ஜன்னல் வழியாகப் பறந்துபோனது.

யுவஸ்ரீ சாய்ந்தாள். முதல் ஞாயிறு போலவே அவன் காதருகே வாயை வைத்தாள்.

"உப்புமா தெரிஞ்சாப் போதுமுங்க. கல்யாணத்துக்கப்பறம் மிச்சத்த நான் சொல்லித்தாரேன்."

கார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் ஓடி மறுபடி ரோட்டில் ஏறியது. ரவிக்குமார் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்தான். ஆனால் இரண்டு ஞாயிறாக வராத பேச்சு இந்த இரைச்சலில் எப்படி வந்தது என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை.

பின்னாலிருந்து மாசாணியம்மாள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏனுங் தம்பி, கண்ணாடிய ஏத்துங்க! நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கறீங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லுன்னுதான் எங்கண்ணன் என்னைய அனுப்பறதே, அதுக்குத்தான சத்தத்தக் கொறைங்க, கொறைங்கன்னு மொத நாள்ல இருந்து அடிச்சுக்கறேன். இப்பப் பாருங்க, அவ சொன்னது மறுக்காவும் காதுல உழுகல!"