கவுன் லாத்தா தைத்த முதுகு

சிதம்பரத்தில் துணியைக் கெடுத்தவர்கள் பலர். அதை வேண்டுதல் போலச் செய்தவர் அடுத்த வீட்டு கவுன் லாத்தா ஒருவர்தான். லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. சிங்கப்பூரிலிருந்த கணவர் ஒரு தையல் மிஷினும் கட்டுக்கட்டாகப் பழைய ஃபேஷன் பத்திரிகைகளும் அனுப்பியிருந்தார். லாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தைப் பார்த்தே கவுன் வெட்டுவார்.

படத்தில் வெள்ளைக்காரியின் பாவாடை காற்றில் ஒரு பக்கம் தூக்கியிருந்தால், அந்தப் பக்கத்தை நாலு அங்குலம் குறைத்துத் தைப்பார். அவள் ஒரு கையைப் பின்னால் மறைத்திருந்தால், அந்தக் கையின் நீளம் ஊகம். முதுகு எந்தப் படத்திலும் இராது. ஆகவே முதுகு முழுக்க ஊகம். பாலிடெக்னிக்கில் முன், பின், பக்கம் என்று மூன்றையும் வரையப் படித்தவள் நான். சொல்லிப் பார்த்தேன்.

“போம்மா. மூஞ்சியப் பாத்துப் பேசுறாங்களா, முதுகப் பாத்தா பேசுறாங்க?”

கடலூரில் வரைபடம் வரையும் வேலைக்கு நேர்முகம் வந்தது. கிடைக்காவிட்டால் புவனகிரி மாமா மகனுக்குக் கழுத்தை நீட்டுவதாக வீட்டில் ஒப்பந்தம். புது ரவிக்கைத் துணியை லாத்தா பறித்துக்கொண்டார்.

நேர்முகத்தன்று காலை ஏழு மணிக்குத் தைத்துக் கொண்டுவந்தார். காலர், எட்டுப் பித்தான், முன்பக்கம் அற்புதம். பித்தான்கள் மூடிய துணிமேல் அழகுக்குத் தைத்தவை. பின்னால் திறப்பே இல்லை.

“எப்புடி லாத்தா போட்டுக்குறது?”

“தல வழியா.”

தலை நுழையவில்லை. என்னிடம் மிச்சமிருந்தவை: கிழிந்தது ஒன்று, வெளுக்கப் போட்டது ஒன்று. லாத்தா கத்திரியால் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினார். என்னை உள்ளே திணித்து, என்மேலேயே வைத்துத் தைத்தார்.

“மூச்ச ஜாஸ்தி இழுக்காத புள்ள.”

“அப்ப அவுங்க கேக்குறதுக்கு எப்புடிப் பதில் சொல்றது?”

“சுருக்கமாச் சொல்லு.”

நான் கூப்பிடாமலே லாத்தாவும் பஸ் ஏறினார். புவனகிரி தாண்டுவதற்குள் இரண்டு தையல் விட்டது. கடலூர்வரை என் முதுகை ஒட்டியே நின்றார்.

உள்ளே சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். அதிகாரிகளுக்கு அது பிடித்துப்போனது. முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேறினேன். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாசல் வெயிலில், நூல் கோத்த ஊசியோடு லாத்தா நின்றிருந்தார்.

“ஒண்ணாந் தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்க லாத்தா!”

“அது கெடக்கட்டும், திரும்பு.” பார்த்தார். “அல்லாவே!” ஊசியால் ஆகிற காரியமாக இல்லை. தன் வெள்ளைத் துப்பட்டியில் பாதியை என்மேல் போர்த்தினார். ஒரே துப்பட்டிக்குள் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம்.

இப்போது என் ரவிக்கைகளைக் கடையில் தைக்கக் கொடுக்கிறேன். ஒரு தையலும் விடுவதில்லை. லாத்தா கூட வருவதற்குக் காரணமும் இல்லை.