பேர் சொல்லிக் கூப்பிடவும்

"ஏழாம் எஞ்சின் மூன்றாம் பாதைக்கு வரவும்" என்று யோகம் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் சொன்னதுதான் தாமதம், ஜேர்மனியின் ஹம் நகரச் சரக்கு ரயில் நிலையத்தின் இரண்டு மூலைகளிலிருந்தும் இரண்டு எஞ்சின்கள் புறப்பட்டன. ஒரே பாதையில் எதிரும் புதிருமாக வந்து, முட்டாத குறையாக நின்றன.

அவற்றில் ஒன்றை ஓட்டி வந்தவர் அரியரத்தினம், யோகத்தின் புருஷன்.

பிழை யோகத்தில் இல்லை. இரண்டு சரக்கு ரயில் கம்பனிகள் போன மாதம்தான் ஒன்றாகியிருந்தன. அவர் ஒரு கம்பனி, அவள் மற்றக் கம்பனி. இரண்டிலும் ஏழாம் நம்பர் எஞ்சின் இருந்தது. இணைத்துவைத்த பெரிய மனிதர்கள் புதுப்பெயர், புதுச்சட்டை, புதுக் கோப்பிக் கோப்பை எல்லாம் யோசித்தார்கள். இதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

மேலாளர் பெக்கர் அன்றைக்கே புது விதி போட்டார். இனிமேல் நம்பர் வேண்டாம், சாரதியைப் பேர் சொல்லிக் கூப்பிடவும்.

அங்கேதான் வந்தது வில்லங்கம். கலியாணம் கட்டிய நாள்முதல் யோகம் புருஷனின் பேரைச் சொன்னதில்லை. எப்போதும் "இஞ்சருங்கோ"தான்.

"வேலைக்காக ஒருக்காச் சொல்லுமன்" என்றார் அரியரத்தினம்.

"ஐயோ, என்னாலை ஏலாது."

"பெடியள் என்னை 'அரி' எண்டுதானே கூப்பிடுறாங்கள். அதையெண்டாலும் சொல்லும்."

"அரைப் பேரும் பேர்தானே?"

அவருக்கு உள்ளூரப் பெருமை. ஜேர்மனியில் இந்தக் காலத்தில் இப்படியொரு பெண்சாதி யாருக்குக் கிடைப்பாள்! ஆனால் பயமும் இருந்தது. கம்பனி இணைந்ததும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். எஞ்சின் ஓட்டுகிறவரே இறங்கி வண்டிகளை ஒன்றோடொன்று கொழுவவும் கழற்றவும் வேண்டும். ஏறி இறங்கி அவருடைய வலது முழங்கால் போய்விட்டது. பெக்கருக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். யோகத்துக்குத் தெரிந்தால் அழுவாள். அதனால் இரண்டு பேருக்கும் தெரியாமல் நொண்டிக்கொண்டிருந்தார்.

அரியரத்தினமே ஒரு வழி கண்டுபிடித்தார். ரேடியோவில் தன்னை 'முல்லர்' என்ற ஜேர்மன் பேரில் கூப்பிடட்டும். பெக்கருக்கும் அது பிடித்தது. அவர்கள் இரண்டு பேரும் முன்பு இருந்த கம்பனியில் முல்லர் என்று யாரும் இல்லை. யோகத்தின் பழைய கம்பனியில் இரண்டு முல்லர்கள் இருந்தார்கள்.

யோகம் "முல்லர்" என்று கூப்பிட்டபோதெல்லாம் அந்த இரண்டு பேரும் பாய்ந்து வந்தார்கள். ஒருவர் கொழுவிய வண்டிகளை மற்றவர் கழற்றினார். உப்பு ரயில் பாதி உப்போடு போனது. அன்று முழுக்க அரியரத்தினத்துக்கு வேலையே இல்லை. எஞ்சினுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

பெக்கர் கொதித்துப்போனார். "வெள்ளிக்கிழமை அவர் பேரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களில் ஒருவர் ஹாலே நகரத்துக்கு மாற்றம்!"

ஹாலே எங்கே, ஹம் எங்கே! சனி ஞாயிறில் மட்டும் முகம் பார்க்கிற சீவியத்தை அரியரத்தினத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. குசினியில் வைத்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்.

"சொல்லும், அரி..."

"அரி..."

"ஆ, அப்பிடித்தான்!"

"அரிசி முடிஞ்சுது, இஞ்சருங்கோ."

வெள்ளிக்கிழமை பெக்கர் கோபுரத்தில் யோகத்தின் பக்கத்திலேயே போய் நின்றார். கீழே எஞ்சினில் அரியரத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ரேடியோவில் "அ..." என்றொரு சத்தம் வந்தது. பிறகு விசும்பல். பெக்கர் பதறிப்போய்ச் சமாதானம் சொல்வதும் கேட்டது. கடைசியில் யோகமே தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னாள்.

"துறைமுகத்துக்கு நேர அட்டவணைப்படி ஒரு ரயில் போய்வருகிறதே. அதை யாரும் கூப்பிடத் தேவையில்லை. அதில் இவரை விட்டால்..."

பெக்கர் உடனே சம்மதித்தார். எப்படியாவது அழுகை நின்றால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அரியரத்தினத்தால் நம்பவே முடியவில்லை. கொழுவல் இல்லை, கழற்றல் இல்லை, இருந்த இடத்திலேயே இருந்து ஓட்டுகிற வேலை! கம்பியைப் பிடித்துக்கொண்டு கோபுரப் படிகளில் ஏறினார். பாவம், வழக்கத்தை விட முடியாமல் ஊர் உலகத்துக்கு முன்னால் அழுதுவிட்டாளே என்று மனம் இளகியிருந்தது.

யோகம் தேத்தண்ணி போடப் போயிருந்தாள். அவளோடு வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளை லாராதான் அங்கே இருந்தாள்.

"பாத்தீரே பிள்ளை, என்ர பேரைச் சொல்லேலாமல் அக்கா பட்ட பாட்டை!"

லாரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன அண்ணை, நீங்கள் நொண்டுறதை இந்த யன்னலாலை பாத்து, 'அரியரத்தினத்தின்ர முழங்கால் போச்சுது, அரியரத்தினத்தை எப்பிடியும் கதிரையிலை இருத்தோணும்' எண்டு அக்கா ஒரு மாசமாப் பேர் சொல்லித்தானே புலம்புறவ!"