செத்தும் மாறாத கேப்டன்

"ஏங்க, சாரா பீவியம்மா மறுபடியும் வாய்ஸ் அனுப்பியிருக்காங்க," என்று பானுப்ரியா போனை நீட்டினாள். ஜெயக்குமார் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

சாரா பீவி பாலக்கரையில் பிரியாணி மசாலா வியாபாரி. அவர் தரும் விளம்பரத்தில்தான் உள்ளூர் கேபிள் சேனலில் ஞாயிறுதோறும் 'விண்கலம் 620006' பறந்துகொண்டிருந்தது. துவாக்குடி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்து மாடியறையில் ஜெயக்குமார் தானே எழுதித் தானே அசைய வைக்கும் கார்ட்டூன் தொடர் அது. குரல் கொடுப்பது அவனும் மனைவியும். முதல் பென்டிரைவுக்குப் பானுப்ரியா சந்தனம் குங்குமம் வைத்து, ரங்கநாதரை வேண்டிக்கொண்டுதான் சேனல் ஆபரேட்டர் அடைக்கலத்திடம் கொடுத்தாள். அப்புறம் சனிக்கிழமை தவறாமல் ஒரு பென்டிரைவ் போனது. வீட்டில் கேபிளைத் துண்டித்து மூன்று வருஷமானதால், ஒளிபரப்பை மட்டும் இருவரும் பார்த்ததில்லை.

"தம்பி, கேப்டன், டாக்டர், இன்ஜினியர், சமையல்காரி, ரோபோ, அஞ்சு பேரும் போன வாரம் எப்படியோ, இந்த வாரமும் அப்படியே இருக்காங்க. மனுஷங்கன்னா கொஞ்சம் வளர வேணாமா? என் பேரனுக்கே ஒரு மாசத்துல ரெண்டு பல்லு முளைச்சிருச்சு!" என்றது மூன்றாம் வாரத்துக்கு வந்த அந்த வாய்ஸ்.

நாலாம் வாரம் கேப்டனுக்கு உயரம் என்றால் பயம் வைத்தான் ஜெயக்குமார். விண்கலத்தில் அது லேசுப்பட்ட மனப்போராட்டமா? அந்தந்த வாரம் யாரைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சாரா பீவிக்குச் சொல்லி வைத்தான்.

"கேப்டன் ஜன்னலோரமா ஜம்முனு நிக்கிறாரே தம்பி," என்றது அடுத்த வாய்ஸ். அரை நிமிஷ விளம்பரம் கால் நிமிஷமானது.

"பயத்தை மறைக்கிற மாதிரி வரைஞ்சேன் பானு. ரொம்ப நல்லா மறைச்சுட்டார் போல."

ஐந்தாம் வாரம், செவ்வாய்க் கிரகத்தில் நாகஸ்வரம் முழங்க இன்ஜினியருக்கும் சமையல்காரிக்கும் கல்யாணம்.

"அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கல தம்பி!"

"கல்யாணம் ஆயிட்டா அப்படித்தானே?" என்றாள் பானுப்ரியா. "அந்தம்மா கரெக்டாத்தான் சொல்றாங்க."

அவன் முறைத்தான். வேறு வழியில்லாமல் ஆறாம் வாரம் கேப்டனைக் கொன்றான். குரல் கொடுக்கையில் பானுப்ரியா நிஜமாகவே அழுதுவிட்டாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு வாய்ஸ் வந்தது. "கேப்டன்கிட்ட ஒரு மாற்றமும் தெரியல தம்பி. விளம்பரத்தை இத்தோட நிறுத்திக்கிறேன். மனசுல வச்சுக்காதீங்க."

"செத்த மனுஷன் எப்படிங்க மாறுவார்?"

"செத்துக்கூட ஒருத்தர் மாறலைன்னா கோளாறு என் எழுத்துலதான் பானு. துவாக்குடியில பழைய வேலையைக் கேட்டுப் பார்க்கிறேன்."

திங்கட்கிழமை காலை சேனல் அறைக்குப் போனான். "தொடரை நிறுத்திடலாம் அடைக்கலம். என் பென்டிரைவ் எல்லாத்தையும் குடுத்திடுங்க."

அடைக்கலத்தின் முகம் வாடியது. "ஏன் சார்? வசனமெல்லாம் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம் சார்!"

அந்த ஒரே ரசிகரைப் பார்த்து ஜெயக்குமாருக்குக் கண் கலங்கியது. அடைக்கலம் மெஷினிலிருந்து, சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த ஒரு பென்டிரைவைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு டிராயரைத் திறந்து, உறைகூடப் பிரிக்காத ஐந்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க சார். பொட்டு வச்சுக் குடுத்தது ஒண்ணுதானே, ஆறு வாரமா அதைத்தான் போடுறேன். பொட்டில்லாத இந்த அஞ்சும் ஸ்பேருக்குக் குடுத்ததுன்னு பத்திரமா வச்சிருக்கேன்!"