தரைமேல்தான் தப்பு

தரைமேல் பழி போடுகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. உலவுகிறது என்பதைவிடச் சறுக்குகிறது என்பது பொருத்தம். அறுபத்தைந்தைத் தாண்டிய ஆள் இருக்கும் எந்த வீட்டிலும் ஒன்று அகப்படும். இவர்கள் விழுவதே இல்லை, தரைதான் நகர்ந்துகொள்ளும்.

நம் மேஸ்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போட்டவர். செருப்பு ஒன்று வாசலிலேயே தங்கிவிட்டது உள்ளங்காலுக்குத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு கூடம் வரை வருவார், படியின் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடாமல், இல்லாத படியில் ஒரு கால் வைப்பார், "இப்பத்தான் துடைச்சேன், வராதீங்க!" என்று மனைவி மூன்று தடவை கத்தியது காதில் ஏறாமல், ஈரத்தில் நேராகப் போய், கதவு நிலையைக் கட்டிப்பிடித்து, அதன் உறுதியைச் சோதிக்க வந்தவர்போல் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம் அலமாரியிலிருந்து ரசமட்டம் வரும். நீளக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சமம். இவர் வீட்டில் அது நடுவில் நின்றதாக இதுவரை தகவல் இல்லை.

"பாத்தியா? மட்டமே சரியில்ல. எவன் போட்ட தரையோ!"

"நீங்க போட்டதுதான்" என்பாள் மனைவி.

அதுவும் காதில் விழாது.

போன மாதம் விழுந்ததில் முழங்கை வீங்கிவிட்டது. மகள் சட்டம் போட்டாள்: கண், காது, கால் மூன்றையும் டாக்டரிடம் காட்டும்வரை பேத்தியைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. பத்து மாதக் குழந்தை இவரைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டும். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரிக்க வேண்டும். சிமெண்டு மூட்டை சுமந்த தோளுக்கு இது என்ன கேவலம்! மனுஷருக்கு மனசே ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டார் முன்னிலையில் விசாரணை. தரையின் குற்றத்தை நிரூபித்துப் பேத்தியை மீட்பதாகத் திட்டம். ரசமட்டத்தை வைத்தார், குனிந்தார்.

"இந்தா, குமிழி இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. நீயே வந்து பாரும்மா."

மகள் குனிந்து பார்த்தாள். "அப்பா, அது கண்ணாடியில விழுந்த கீறல். குமிழி நட்டநடுவுல நிக்குது."

விரலால் தடவிப் பார்த்தார். கீறல் விரலுக்கும் தட்டுப்படவில்லை. மேஸ்திரிக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பேத்தி தவழ்ந்து வந்து, அவர் தோளைப் பிடித்து எழுந்து நின்று, ஆடி, தொப்பென்று உட்கார்ந்தது. அழவில்லை. தரையை முறைக்கவும் இல்லை.

மேஸ்திரி குழந்தையைப் பார்த்தார், ரசமட்டத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"டாக்டர் எத்தன மணிக்கு வருவாரு?" என்றார் கடைசியில். "ரசமட்டம் வேற பழசாப் போச்சு."

அவரை விடுங்கள். நீங்கள் ஏன் இந்தப் பக்கத்தைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்திருக்கிறீர்கள்? எழுத்தைப் பொடியாக அச்சடித்துவிட்டார்களா? அப்படித்தான் இருக்கும். எழுந்து போகும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துப் போங்கள். செருப்பு இரண்டும் காலில் இருக்கிறதா?