வகுப்புக்கு முதுகு காட்டாத வாத்தியார்

தலையில் முடி இருக்கும்வரை மனிதனுக்குப் பின்னந்தலை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. எனக்கு அது இருபத்தைந்து வயதில், முடிதிருத்தும் கடை நாற்காலியில் நினைவுக்கு வந்தது.

“சார், பின்னால எட்டணா அளவுக்கு முடி இல்ல. புழுவெட்டு,” என்றார் கடைக்காரர்.

எழுபதுகளின் கடைசி அது. கீழ்பென்னாத்தூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. (பிள்ளைகளுக்குப் பகுத்தறிந்து யோசிக்கக் கற்றுத்தரும் வேலை.) திருவண்ணாமலையில் வீட்டுக்கு வந்ததும் தலையணையை உதறிப் புழுவைத் தேடினேன்.

சின்ன வெங்காயத்தோடு மிளகும் உப்பும் அரைத்துத் தேய்க்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு வேளை போதும் என்றார். நான் நாலு வேளை தேய்த்தேன். முடி வரவில்லை, கொப்புளம் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரோ, புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உடம்பே தன் முடிவேரைப் பகைத்துக்கொள்வதால் வருவது, பெரும்பாலும் தானாக முளைத்துவிடும், வெங்காயத்தைச் சாம்பாரில் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஊசி போடாத டாக்டரை எந்த அறிவாளி நம்புவான்?

ஆகவே மாணவர்களுக்கு முதுகு காட்டாமல் பாடம் நடத்தப் பழகினேன். கையைப் பின்னால் வளைத்துக் கரும்பலகையில் எழுதுவேன். நான் போட்ட முக்கோணத்துக்கு எத்தனை பக்கம் என்பதில் வகுப்பில் கருத்து வேறுபாடு இருந்தது.

கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்ற அன்று, வழுக்கையில் கறுப்பு பூட் பாலிஷ் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன். பங்குனி வெயில். அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வட்டம் போடச் சொன்னார். பின்கையால் போட்டேன். கொழுக்கட்டை வந்தது.

“ஏன் சார், திரும்பினா பசங்க அடிச்சிடுவாங்களா?” என்றார்.

திரும்பினேன். வகுப்பே சிரித்தது. வெள்ளைச் சட்டையில் காலரிலிருந்து நடுமுதுகுவரை பாலிஷ் உருகி ஓடியிருந்தது. அதிகாரி பதறி எழுந்து வந்தார்.

“புழுவெட்டுங்க சார்,” என்று ஆரம்பித்து, வெங்காயம்வரை ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “முடி தானா வந்துடும் சார். கணக்கு தானா வராது. திரும்பி நின்னு எழுதுங்க,” என்றார்.

வேலை பிழைத்தது. ஆறு மாதத்தில் முடியும் வந்தது, ஆனால் வெள்ளை வெளேரென்று. பிறகு கல்யாணமானதும், கார்த்திகை தீபக் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிக்க என் மனைவிக்கு அந்த வெள்ளை வட்டம்தான் அடையாளம்.

இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. போன வருடம் தீபத்தன்று கூட்டத்தில் தொலைந்துபோனேன். அடையாளம் கேட்ட போலீஸ்காரரிடம் அவள் சொன்ன பதிலை என் பேத்திகள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்:

“முன்ன ஒண்ணு இருந்துச்சுங்க. இப்ப எல்லா இடத்துலயும் பரவிடுச்சு.”