எட்டு கிலோ குறைத்த பனியன்

குறிக்கோளை ஒரு தாளில் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது என்பார்கள். நான் பனியனில் அச்சடித்தேன். அதுவும் இருநூற்று நாற்பத்தொரு பனியன்களில். வேலை முடிந்ததோ இல்லையோ, நான் முடிந்தேன்.

இரண்டாயிரத்து நான்கு என்று ஞாபகம். எனக்கு வயது இருபத்து நான்கு, எடை எண்பத்து நான்கு. முதலிபாளையத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் சாம்பிள் இன்சார்ஜ். தைத்து வரும் பனியன்களின் நெஞ்சில் படமோ எழுத்தோ அடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். (இன்சார்ஜ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது, ஒரு ஸ்டூல்தான் இருந்தது.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பன் ஒருவன் என்னை வாழ்க்கை முன்னேற்ற வகுப்புக்கு இழுத்துப் போனான். கல்யாண மண்டபத்தில் டை கட்டிய ஒருவர், "குறிக்கோள் தெளிவா இருக்கணும், நடக்கக்கூடியதா இருக்கணும், தேதி போட்டிருக்கணும், தினமும் கண்ணுல படணும்" என்று மைக்கில் முழங்கினார். மதியம் சாம்பார் சாதம் போட்டார்கள். மூன்றாவது முறை வாங்கும்போதுதான் என் முதல் குறிக்கோள் உதித்தது.

மொத்தம் நான்கு எழுதினேன். பொங்கலுக்குள் எட்டு கிலோ குறைப்பேன். சித்திரைக்குள் பயமில்லாமல் இங்கிலீஷ் பேசுவேன். ஐந்து வருஷத்தில் சொந்த யூனிட் வைப்பேன். நான்காவது, செக்கிங் கலாமணியிடம் மனதில் இருப்பதைச் சொல்வேன். எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே எழுதினேன். குன்னத்தூரில் எங்கள் வீட்டில் அம்மா கைக்கு எட்டாத இடம் இங்கிலீஷ் ஒன்றுதான்.

கலாமணி எங்கள் யூனிட்டில் செக்கிங் பார்ப்பவர். அச்சடித்த ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். தபாலில் பி.காம். படித்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் நான் அவரிடம் பேசிய மொத்தப் பேச்சு, "டேமேஜ் எத்தனைங்க?" என்பதுதான். அவர் எண்ணிக்கையைச் சொல்வார். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பேன்.

தாள் தொலைந்துவிடும், பனியன் என்றால் தினமும் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டேன். பிலிம் எடுத்து, ஸ்கிரீன் செய்து, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு எக்ஸ்எல் பனியனில் கறுப்பு மையில் நான்கு வரிகளையும் அடித்தேன். (போட்டுக்கொண்டவன் குனிந்தால் எழுத்து தலைகீழாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்தால் இடவலமாகத் தெரியும் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.) எட்டு கிலோ குறைந்த பிறகு போட ஒரு மீடியம் சைஸும் அடிக்க வேண்டும் என்று ஸ்கிரீனைக் கழுவாமல் ரேக்கில் வைத்தேன். பனியனைக் காய்வதற்காகக் கைக்கு எட்டிய கொக்கியில் மாட்டினேன். அது, ஆர்டர் கொடுத்தவர்கள் ஓகே செய்த சாம்பிளை மாட்டும் கொக்கி.

திங்கட்கிழமை நான் மை வாங்க டவுனுக்குப் போய்விட்டு பதினொரு மணிக்குத் திரும்பினேன். அன்றைக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டர். அதுவும் நெஞ்சில் நாலு வரி இங்கிலீஷ், அதுவும் கறுப்பு மை. டேபிளைப் பார்த்தேன். வரிசையாக என் குறிக்கோள்கள் படுத்துக் கிடந்தன.

"அண்ணா, நிறுத்துங்கண்ணா!" என்று கத்தினேன்.

பிரிண்டிங் மாஸ்டர் செல்லத்துரை அண்ணன் திருநெல்வேலிக்காரர். "எதுக்குல நிறுத்தணும்? கொக்கில தொங்குற சாம்பிளப் பாத்து, ரேக்குல இருந்த ஸ்கிரீன வச்சுதான் அடிச்சிருக்கேன். ஒரு எழுத்து மாறிருக்கா சொல்லு பாப்போம்" என்றார். மாறியிருக்கவில்லை. அவ்வளவு சுத்தமான பிரிண்டை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தினமும் ஆயிரம் நெஞ்சில் ஏதேதோ எழுதி அனுப்பும் ஊரில், என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிக்கிறார்கள்?

ஒருவர் படித்தார். கலாமணி ஒரு பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இந்தப் பீஸ ஒருக்கா பாருங்க."

"எங்கீங்க டேமேஜ்?" என்றேன். வாய் பழக்கம்.

நான்காவது வரியில் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது. "செக்கிங்ல கலாமணின்னு நா ஒருத்திதானுங்க இருக்கறன்" என்றார். அந்த ஸ்டூலுக்கு அடியில் நுழைந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். எண்பத்து நான்கு கிலோவுக்கு அது போதாது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். ஒரு பனியனை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார்.

"ஏங்கண்ணு, அஞ்சு வருசத்துல சொந்த யூனிட்டா?"

"சும்மா எழுதினதுங்க."

"நானும் இப்படித்தான் நெனச்சு வெளிய வந்தவன். ஆனா எங்க மொதலாளிக்குப் பிரிண்ட் போட்டுக் காட்டலை."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அதைவிட மோசமான தண்டனை கொடுத்தார். ஆர்டர் கொடுத்த ஆபீசுக்கு என்னையே போய்ச் சொல்லச் சொன்னார். அங்கிருந்த அதிகாரியிடம் பனியனை நீட்டி, "சார், திஸ் இஸ் மை கோல். பை மிஸ்டேக் யுவர் பனியன்" என்றேன். அவர் நெடுநேரம் படித்தார். பிறகு, "தம்பி, ரெண்டாவது பாயிண்டுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்ப தமிழ்லயே சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர், மாற்றுப் பனியன் கொடுத்து ஆர்டரைக் காப்பாற்றினார். கெட்டுப்போன பீஸ்களை முதலாளி, கழிவு பீஸ் விற்கும் காதர்பேட்டையில் மொத்தமாகத் தள்ளிவிட்டார். என் ரகசியம் மலிவு விலையில் ஊர் சுற்றப் போனது.

கலாமணி நான்கு நாள் டேமேஜ் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி அனுப்பினார். ஐந்தாம் நாள் டீ டைமில் என் ஸ்டூலுக்கு எதிரே வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மத்த மூணுக்கும் கெடு போட்டிருக்கறீங்க. நாலாவதுக்கு ஏனுங்க போடுல?"

"பயமுங்க" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன சுத்தமான உண்மைகளில் அது ஒன்று.

"ஆவணிக்குள்ள எங்க ஊட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட கேளுங்க. தாண்டுச்சுன்னா அவரு வேற எடம் பாத்துருவாரு" என்று சொல்லிவிட்டு டேபிளுக்குப் போய்விட்டார். ஆடி முடிந்த மறுநாளே அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். என் குறிக்கோள்களில் சொன்ன தேதியில் நடந்தது அது ஒன்றுதான், தேதி போட்டது அவர் என்பதால். இங்கிலீஷ் பயம் போகவில்லை, சொந்த யூனிட் இன்றுவரை இல்லை. எடை, கல்யாண விருந்துகளில் இன்னும் ஆறு கிலோ கூடியது.

கல்யாணமான புதிதில் இருவரும் திருமுருகன்பூண்டி கோயிலுக்குப் போனோம். வழியில் ஒரு சிற்பக் கூடத்தில் ஒருவர் உளியோடு உட்கார்ந்து, ஒரு வெள்ளைக்காரரிடம் சரளமாக இங்கிலீஷில் விலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கிராம் கூட ஊளைச்சதை இல்லாத உடம்பு. நெஞ்சில் என் நான்கு வரிகள். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி சிரித்துப் பேசியபடி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். கூடத்தின் பெயர்ப் பலகையில் உரிமையாளர் என்று அவருடைய படமே இருந்தது.

கலாமணி அவரைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "ஏனுங்க, உங்க குறிக்கோளையெல்லாம் அவரு முடிச்சுப்புட்டாருங்க" என்றார்.

இப்போதும் புத்தாண்டுக்குப் புத்தாண்டு நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த வருஷம் நான்..." என்று ஆரம்பித்தால் போதும். என் மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்கிறாள்: "ஏனுங்கப்பா, பூண்டிக்காரருகிட்டச் சொல்லிட்டீங்களா?"